லேயாளின் கணக்கு

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம் நடக்கும். ஓர் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றிவருவோம். வாயில் நுழையாத பெயர்கள் உள்ள வசனம் தன் முறைக்கு வந்துவிடக் கூடாதே என்று பிள்ளைகள் நாங்கள் முன்கூட்டியே விரல்விட்டு எண்ணி வைத்திருப்போம். எனக்குப் பத்து வயது இருக்கும்போது வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் 29ஆம் அதிகாரத்தில் 26ஆம் வசனம் என் பங்குக்கு வந்தது. சுலபமான வசனம். "அதற்கு லாபான்: மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது இவ்விடத்து வழக்கம் அல்ல" என்று சத்தமாக வாசித்தேன். பெரியத்தை களுக்கென்று சிரித்துவிட்டார். தாத்தா செருமினார். அப்பா அடுத்த வசனத்தை அவசர அவசரமாகத் தொடங்கினார்.

விஷயம் பிற்பாடு அம்மா சொல்லித்தான் தெரிந்தது. பெரியத்தையைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்திருக்கிறது. வந்து, பலகாரம் சாப்பிட்டு, ஊருக்குத் திரும்பி, "சின்னப் பெண்ணைக் கொடுத்தால் சம்மதம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த வசனத்தை அப்படியே ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்பிவிட்டார். வேதமே சொல்லிவிட்டது, இனி யார் என்ன பேச முடியும்?

"வேதத்தில இருக்குன்னு அப்பா எழுதுனாவ. சொன்னது யாருன்னு பாக்கல. லாபான் களவாணிப்பயல்லா, ஏட்டி" என்று பெரியத்தை ஒருநாள் என்னிடம் சொன்னார். சொல்லும்போதும் சிரித்தார். அவருக்குக் கல்யாணம் நடக்கவில்லை. "அவளுக்கு முடிச்சிருங்க, எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லிச் சின்னத்தைக்கு வழிவிட்டதும் அவரேதான். ஓய்வு பெறும்வரை கணக்கு டீச்சராக இருந்தார். வேதத்தையும் கணக்கு நோட்டு மாதிரிதான் வாசிப்பார். ஓரத்தில் பென்சிலால் நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து எதையாவது எண்ணிவைத்திருப்பார். லாபானின் மூத்த மகள், யாக்கோபின் முதல் மனைவி லேயாளைப் பற்றி நான் தெரிந்துகொண்டதில் பாதி அந்த ஓரக்கோடுகளில் இருந்து வந்தது.

ராகேல், ரேச்சல் என்று பெயர் உள்ளவர்கள் எனக்கு ஏழெட்டுப் பேரைத் தெரியும். சாராள், ரெபெக்காள் என்ற பெயர்களுக்கும் குறைவில்லை. லேயாள் என்று ஒருத்தியை நான் இதுவரை சந்தித்ததில்லை. இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களில் ஆறு இவள் வயிற்றில் பிறந்தவை. மோசே, ஆரோன், மிரியாம் மூவரும் இவளுடைய மகன் லேவியின் வம்சம். தாவீது இவளுடைய மகன் யூதாவின் வம்சம். யூதர் என்ற இனப்பெயரே இவள் தன் நான்காவது பிள்ளைக்கு வைத்த பெயரில் இருந்து வந்ததுதான். இவ்வளவு இருந்தும் பெண்குழந்தைக்கு இந்தப் பெயரை வைக்க நமக்குக் கை வரவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். புருஷனால் நேசிக்கப்படாதவள் பெயரை யார் வைப்பார்கள்?

கதையில் அவள் நுழைவதே ஒரு ஓரமாகத்தான். அண்ணன் ஏசாவுக்கு உரிய ஆசீர்வாதத்தை ஏமாற்றி வாங்கிவிட்ட யாக்கோபு, பெயெர்செபாவில் இருந்து தப்பி ஆரானுக்கு ஓடிவருகிறான். ஆரான் இன்றைய துருக்கியின் தெற்கு ஓரம், சிரியா எல்லைக்குப் பக்கம். அங்கே இருப்பவன் அம்மா ரெபெக்காளின் சகோதரன் லாபான். மாமன் மகளைக் கட்டுவது என்றால் நம்மூர் வாசகர்களுக்கு விளக்கவே வேண்டாம். கிணற்றடியில் ஆடுகளோடு வரும் லாபானின் இளைய மகள் ராகேலைப் பார்த்ததும் யாக்கோபு கல்லைப் புரட்டுகிறான், தண்ணீர் காட்டுகிறான், முத்தம் கொடுக்கிறான், சத்தமிட்டு அழுகிறான். ராகேலுக்கு ஒரு முழுக் காட்சி. லேயாளுக்கு அரை வசனம்: "லேயாளின் கண்கள் கூச்சப்பார்வையாயிருந்தது, ராகேலோ ரூபவதியும் பார்வைக்கு அழகுள்ளவளுமாயிருந்தாள்."

இந்தக் கூச்சப்பார்வை என்ற வார்த்தை என்னைப் பல வருடம் குழப்பியது. வெளிச்சம் பட்டால் கண் கூசுமா? வெட்கமா? மாறுகண்ணா? எபிரேய மூலத்தில் இருப்பது 'ரக்' என்ற சொல். மென்மை, இளசு என்று பொருள். விருந்தாளிகளுக்காக ஆபிரகாம் மந்தைக்கு ஓடிப்போய்ப் பிடித்துவரும் இளங்கன்றுக்கும் இதே சொல்தான். பின்னால் யாக்கோபே தன் பிள்ளைகள் சின்னஞ்சிறிசுகள், வேகமாக நடக்க மாட்டார்கள் என்று ஏசாவிடம் சொல்லும்போதும் இதே சொல்தான். ஆகவே கண் பலவீனம் என்றும் படிக்கலாம், கண் மட்டும் அழகு என்றும் படிக்கலாம். வாக்கியத்தின் நடுவில் நிற்கும் அந்த 'ராகேலோ'தான் தீர்ப்பை எழுதிவிடுகிறது. தங்கையின் அழகைச் சொல்வதற்கு அக்காளின் கண் ஒரு முன்குறிப்பு, அவ்வளவுதான்.

பழைய யூத ரபிகளுக்கும் இந்த வரி நெருடியிருக்கிறது. அவர்களுடைய விவாதத் தொகுப்பான தல்மூதிலும், வேதத்துக்குக் கதைகளால் விளக்கம் சொல்லும் மித்ராஷிலும் அதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். ரெபெக்காளுக்கு இரண்டு மகன்கள், லாபானுக்கு இரண்டு மகள்கள். மூத்தவனுக்கு மூத்தவள், இளையவனுக்கு இளையவள் என்று ஊரில் பேச்சு. லேயாள் வழிப்போக்கர்களிடம் ஏசாவைப் பற்றி விசாரிக்கிறாள். கெட்டவன், கொள்ளைக்காரன் என்கிறார்கள். அவன் கையில் விழாமல் இருக்க அழுது அழுதே அவள் இமைகள் உதிர்ந்து கண்கள் இளகிவிட்டனவாம். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, அவள் விசாரிக்கிறாள் என்பது. ஆதியாகமத்தின் 29ஆம் அதிகாரத்தில் அவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

ராகேலுக்காக யாக்கோபு ஏழு வருஷம் வேலை செய்கிறான். அவள்மேல் இருந்த பிரியத்தில் அது அவனுக்குக் கொஞ்ச நாளாகத் தோன்றியது என்கிறது வேதம். பண்டைய இலக்கியத்தில் காதலைப் பற்றி இவ்வளவு சிக்கனமாகச் சொல்லப்பட்ட வாக்கியங்கள் குறைவு. ஆனால் அதே ஏழு வருஷம் அதே வீட்டில் லேயாளும் இருந்தாள். தங்கைக்காக ஒருவன் நாளைக் கழித்துக்கொண்டிருப்பதை அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது எத்தனை நாளாகத் தோன்றியது என்று யாரும் எழுதவில்லை.

அப்புறம் விருந்து, இரவு, இருட்டு. "காலையிலே, இதோ, அவள் லேயாள்." இந்த இடத்தில் பிரசங்கியார்கள் பெரும்பாலும் யாக்கோபுக்காக உச்சுக்கொட்டுவார்கள். பார்வை மங்கிய தகப்பன் முன்னால் அண்ணன் வேஷத்தில் நின்றவன், இருட்டில் தங்கை வேஷத்தில் வந்தவளிடம் ஏமாந்தான். விதைத்ததை அறுத்தான் என்பார்கள். சரிதான். லாபான் 'மூத்தவள்' என்று சொல்லும் இடத்தில் எபிரேயத்தில் தலைச்சன் பிள்ளையைக் குறிக்கும் சொல்லையே பயன்படுத்துகிறான். அண்ணனின் தலைச்சன் பங்கான சேஷ்டபுத்திர உரிமையைக் கூழுக்கு வாங்கியவன் காதில் அது எப்படி விழுந்திருக்கும்! ஆனால் அந்தக் காலையில் படுக்கையில் இன்னொரு ஆளும் இருந்தாள். யாக்கோபு நேராக மாமனிடம் போய்ச் சண்டை போடுகிறான். அவளிடம் ஒரு வார்த்தை பேசியதாக இல்லை.

மித்ராஷ் அவளுக்கு ஒரு வாயைக் கொடுக்கிறது. இரவெல்லாம் அவன் "ராகேல்" என்று கூப்பிட, அவள் பதில் சொன்னாளாம். விடிந்ததும், "ஏமாற்றுக்காரி, ஏமாற்றுக்காரன் மகளே" என்று யாக்கோபு கத்த, அவள் சொல்கிறாள்: "சீடன் இல்லாத குரு உண்டா? உன் தகப்பன் ஏசா என்று கூப்பிட்டபோது நீ பதில் சொல்லவில்லையா?" இதற்கு மேல் யாக்கோபு என்ன பேச? தல்மூதில் இன்னொரு கதையும் இருக்கிறது. லாபானை நம்ப முடியாது என்று யாக்கோபும் ராகேலும் முன்னமே அடையாளக் குறிகள் பேசி வைத்திருந்தார்கள். அக்காளை மணமேடைக்கு அழைத்துப்போவதைப் பார்த்த ராகேல், சபையில் அவள் அவமானப்படக் கூடாது என்று அந்தக் குறிகளை அவளுக்கே சொல்லிக்கொடுத்துவிட்டாளாம். இது வேதத்தில் இல்லை. ஆனால் இரண்டு சகோதரிகள் உள்ள வீட்டில் இருந்த யாரோ ஒருவர்தான் இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

ஒரு திருத்தம் சொல்லிவிடுகிறேன், ஞாயிறுபள்ளியிலேயே தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ராகேலுக்காக யாக்கோபு இன்னும் ஏழு வருஷம் காத்திருக்கவில்லை. "இவளுடைய ஏழு நாளை நிறைவேற்று" என்கிறான் லாபான். கல்யாண வாரம் முடிந்ததும் ராகேலையும் கொடுத்துவிடுகிறான். வேலைதான் கடனாக ஏழு வருஷம் நீள்கிறது. அதாவது லேயாள் ஒரே மனைவியாக வாழ்ந்தது ஏழே ஏழு நாள். பெரியத்தையின் வேதாகமத்தில் அந்த இடத்தில் ஓரத்தில் '7' என்று எழுதி வட்டமிட்டிருக்கும்.

அக்காள் உயிரோடு இருக்கத் தங்கையையும் கட்டக் கூடாது என்று பின்னால் லேவியராகமம் சட்டம் போட்டது. இரண்டு மனைவி உள்ளவன், வெறுக்கப்பட்டவளின் பிள்ளை தலைச்சனாக இருந்தால் அவனுக்குரிய இரட்டைப் பங்கைத் தட்டிப்பறிக்கக் கூடாது என்று உபாகமம் சொன்னது. இந்த வீட்டைப் பார்த்துத்தான் போட்டார்களோ என்று நினைக்கத் தோன்றும் சட்டங்கள் இவை. லேயாளுக்கு உதவ அவை வெகு தாமதம்.

இனிதான் அவள் பேச ஆரம்பிக்கிறாள். அவள் பேச்சு முழுக்கப் பிள்ளைகளின் பெயர்களில் இருக்கிறது. முதல் மகன் ரூபன்: "கர்த்தர் என் சிறுமையைப் பார்த்தருளினார், இப்பொழுது என் புருஷன் என்னை நேசிப்பார்." இரண்டாவது சிமியோன்: நான் அற்பமாய் எண்ணப்பட்டதைக் கர்த்தர் கேட்டருளினார். நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் 'அற்பமாய் எண்ணப்பட்டாள்' என்று கொஞ்சம் மெழுகியிருக்கிறார்கள். எபிரேயத்தில் நேரடியாக 'வெறுக்கப்பட்டாள்' என்றே இருக்கிறது. மூன்றாவது லேவி: மூன்று குமாரரைப் பெற்றபடியால் அவர் இப்பொழுது என்னோடே சேர்ந்திருப்பார். நேசிப்பார் என்று தொடங்கிய ஆசை, மூன்றாவது பிள்ளைக்குள் சேர்ந்திருந்தால் போதும் என்று இறங்கிவிட்டது. பெரியத்தை எனக்குக் காட்டிய இன்னொன்று: "மூணு பெத்துட்டேன்னு சொல்லுதா பாரு. எண்ணிக்கிட்டே இருக்கா."

நான்காவது யூதா. "இப்பொழுது கர்த்தரைத் துதிப்பேன்." புருஷன் பற்றிய ஏக்கம் கொஞ்சமும் இல்லாத முதல் பெயர். உலகம் உண்டான நாள் முதல் லேயாள் வரும்வரை கடவுளுக்கு நன்றி சொன்னவர் யாரும் இல்லை என்று தல்மூதில் ரபி யோகனான் ஒரு மரபைச் சொல்கிறார்.

பிரசங்கம் வழக்கமாக இங்கேதான் முடியும். மனிதனின் அன்பைத் தேடி மூன்று பிள்ளை, தேவனின் அன்பில் நிறைவு கண்டு நான்காவது பிள்ளை, ஆமென். எத்தனை முறை கேட்டிருப்பேன்! கல்யாணமாகாத பெண்களுக்கும், கல்யாணமாகித் தவிக்கும் பெண்களுக்கும் ஒரே மருந்தாக இதைக் கொடுப்பார்கள். ஒருமுறை பெண்கள் கூட்டத்தில் இப்படி ஒருவர் பேசி முடித்ததும், பக்கத்தில் இருந்த பெரியத்தை என் வேதாகமத்தை வாங்கி அடுத்த பக்கத்தைத் திருப்பி என் மடியில் வைத்தார். அடுத்த பக்கம் 30ஆம் அதிகாரம். அங்கே லேயாளுக்கு எந்த நிறைவும் இல்லை. பிள்ளை பெறுவது நின்றுபோகிறது. ராகேல் தன் பணிப்பெண் பில்காளைக் கொடுத்து இரண்டு பிள்ளைகளைக் கணக்கில் சேர்க்கிறாள். லேயாளும் சளைக்காமல் தன் பணிப்பெண் சில்பாளைக் கொடுத்து இரண்டைச் சேர்க்கிறாள். அந்த இரண்டு பணிப்பெண்களிடமும் சம்மதம் கேட்டார்களா என்றால், இல்லை. கேட்கப்படாதவள், தனக்குக் கீழே இருப்பவளிடம் தானும் கேட்கவில்லை. லேயாளை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் இந்த இடத்தை மெழுக எனக்கு மனம் வரவில்லை.

கோதுமை அறுப்புக் காலம். சிறுவன் ரூபன் வயலுக்குப் போய்த் தூதாயீம் கனிகளைக் கண்டெடுத்து அம்மாவிடம் கொண்டுவந்து கொடுக்கிறான். இந்தப் பெயரை மொழிபெயர்க்க முடியாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். சின்ன வயதில் ஏதோ மிட்டாய் மாதிரி எனக்கு எச்சில் ஊறும். தரையோடு படர்ந்த இலைகளுக்கு நடுவில் மஞ்சளாகக் காய்க்கும் சின்னப் பழம் அது. வேர் மனித உருவம் போலப் பிளந்திருக்கும். வாசனை தூக்கலாக இருக்கும். உன்னதப்பாட்டிலும் அந்த வாசனை வருகிறது. காதலைக் குறிக்கும் எபிரேயச் சொல்லை ஒட்டிய பெயர். பிள்ளை வரம் தரும் என்று அந்தக் காலத்தில் நம்பிக்கை.

பிள்ளை இல்லாத ராகேல் கேட்கிறாள், உன் மகன் கொண்டுவந்ததில் எனக்கும் கொஞ்சம் தா. அப்போது லேயாள் வெடிக்கிறாள்: "நீ என் புருஷனை எடுத்துக்கொண்டது அற்பகாரியமா?" யோசித்தால் இது நியாயமே இல்லாத கேள்வி. ராகேல் சொல்லலாம், எடுத்தது யார், என் கல்யாண இரவில் போய்ப் படுத்தவள் நீயா நானா என்று. அவள் சொல்லவில்லை. சரி, இன்றிரவு அவர் உன்னிடம் வரட்டும் என்கிறாள். சாயங்காலம் யாக்கோபு வயலில் இருந்து திரும்பும்போது லேயாள் வழியிலேயே போய் நிற்கிறாள். நீர் என்னிடம் வரவேண்டும், என் மகனுடைய கனிகளைக் கொடுத்து உம்மை வாங்கியிருக்கிறேன் என்கிறாள். கால்நடையைக் கூலிக்குப் பிடிப்பது போன்ற பேச்சு. ஆடு மாடு கணக்குப் பார்த்தே இருபது வருஷம் மாமனோடு மல்லுக்கட்டியவன், அன்று தானே விலைபேசப்பட்டு வந்து நிற்கிறான். ஒரு பதிலும் சொல்லவில்லை. போகிறான்.

கனியை வாங்கிக்கொண்டவளுக்கு அப்போது பிள்ளை பிறக்கவில்லை. கொடுத்தவளுக்கு மூன்று பிறந்தன. இசக்கார் என்ற பெயரிலேயே கூலி என்ற சொல் இருக்கிறது. ஆறாவது மகன் செபுலோன் பிறந்ததும் அவள் சொல்வதைப் பாருங்கள்: ஆறு குமாரரைப் பெற்றபடியால் இப்பொழுது அவர் என்னுடனே வாசம்பண்ணுவார். இன்னும் எண்ணுகிறாள். யூதாவிடம் முடிந்துவிட்டதாகப் பிரசங்கியார் சொன்ன ஆசை, இரண்டு பிள்ளை கழித்தும் அப்படியே இருக்கிறது. இதனால்தான் எனக்கு அவள்மேல் மரியாதை கூடியது. ஒருநாள் மனசு நிறைந்து துதிக்கிறாள், அது பொய் இல்லை. மறுபடி ஒருநாள் ஏங்குகிறாள், அதுவும் பொய் இல்லை. துதித்தவள் ஏங்கக் கூடாது என்று ஆதியாகமத்தை எழுதியவர் நினைக்கவில்லை. நமக்குத்தான் அந்த அவசரம்.

ஏழாவது, தீனாள். இவளுக்கு மட்டும் பெயர்க்காரணம் எழுதப்படவில்லை. ரபிகள் ஒரு காரணம் சொல்கிறார்கள். அந்தப் பெயரில் நியாயத்தீர்ப்பு என்ற சொல் இருப்பதால், லேயாள் தனக்குள் ஒரு நியாயம் பேசினாளாம். யாக்கோபுக்குப் பன்னிரண்டு மகன்கள் என்று நியமித்திருக்கிறது. எனக்கு ஆறு, பணிப்பெண்கள் இருவருக்கும் சேர்த்து நான்கு, ஆகப் பத்து. என் வயிற்றில் இருப்பதும் ஆணாகப் பிறந்தால் ராகேலுக்கு ஒன்றுதான் மிஞ்சும். பணிப்பெண் அளவுக்குக்கூட அவள் வரமாட்டாளே! உடனே அந்தக் கரு பெண்ணாக மாறியதாம். மருத்துவம் கிடக்கட்டும். தனக்காக மூன்று, நான்கு, ஆறு என்று எண்ணிக்கொண்டிருந்தவள், கடைசியில் தங்கைக்காக ஒரு கழித்தல் போட்டாள் என்று யாரோ கற்பனை செய்திருக்கிறார்கள். பெரியத்தைக்கு இந்தக் கதையை நான்தான் முதலில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பன்னெண்டுல பத்து போனா ரெண்டு. சரியாத்தான் போட்டிருக்கா" என்றார்.

இந்தச் சகோதரிகள் ஒரே குரலில் பேசும் இடம் ஒன்றே ஒன்று. லாபானை விட்டுப் போய்விடலாமா என்று யாக்கோபு இருவரையும் வயலுக்கு அழைத்துக் கேட்கிறான். இருவரும் சேர்ந்து சொல்கிறார்கள்: தகப்பன் வீட்டில் இனி எங்களுக்குப் பங்கு உண்டா? அவர் எங்களை அந்நியராக நினைக்கவில்லையா? "அவர் எங்களை விற்று, எங்கள் பணத்தையும் வாயிலே போட்டுக்கொண்டார்." பதினான்கு வருஷ உழைப்பு பெண்களுக்காகக் கொடுத்த விலை, அதில் சல்லிக்காசு அவர்கள் கைக்கு வரவில்லை. புருஷனுக்காகப் போட்ட சண்டையின் மூலக்காரணம் அப்பன்தான் என்று இருவருக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது.

வழியில் ஏசா நானூறு பேரோடு எதிரே வருகிறான். பயந்துபோன யாக்கோபு குடும்பத்தை வரிசைப்படுத்துகிறான். பணிப்பெண்களும் அவர்கள் பிள்ளைகளும் முன்னால், அதற்குப் பின்னால் லேயாளும் அவள் பிள்ளைகளும், கடைசியில் ராகேலும் அவளுக்குப் பிற்பாடு பிறந்த யோசேப்பும். வெட்டு விழுந்தால் யார்மேல் முதலில் விழலாம் என்ற வரிசை அது. ஏழு பிள்ளைகளோடு நடுவில் நின்ற லேயாள் முன்னாலும் பார்த்திருப்பாள், பின்னாலும் பார்த்திருப்பாள். ரூபனுக்கு விவரம் தெரிகிற வயது. அம்மாவுக்குப் பழம் பறித்து வந்த பிள்ளை அவன்.

சீகேமில் தீனாளுக்கு நேர்ந்த கொடுமையும், சிமியோனும் லேவியும் வாளெடுத்ததும் 34ஆம் அதிகாரம். அதில் லேயாள் பேசவே இல்லை. ஆனால் தீனாள் 'புறப்பட்டாள்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, அன்று வயல்வழியில் புருஷனை எதிர்கொள்ளப் 'புறப்பட்ட' தாயைப் போல மகள் என்று மித்ராஷில் ஒரு பேச்சு உண்டு. இவ்வளவு நேரம் ரபிகளைப் புகழ்ந்தேன் அல்லவா, இந்த இடத்தில் அந்தப் புத்தகத்தை மூடிவைத்துவிடத் தோன்றும்.

ராகேல் பெத்லகேமுக்குப் போகும் வழியில் பென்யமீனைப் பெற்றுவிட்டு இறக்கிறாள். யாக்கோபு கல்லறையின்மேல் ஒரு தூண் நிறுத்துகிறான். எரேமியா தீர்க்கதரிசி காலத்திலும் அவள் பிள்ளைகளுக்காக அழும் சத்தம் கேட்கிறது. லேயாள் எப்போது இறந்தாள், எங்கே இறந்தாள், யார் அழுதார்கள் என்று ஒரு வரி இல்லை. எகிப்துக்குப் போன குடும்பத்தின் பட்டியலில் எழுபது பேர், அதில் லேயாளின் வம்சம் மட்டும் 33. ஆனால் அதே பட்டியலில் 'யாக்கோபின் மனைவியாகிய' என்ற அடைமொழி ராகேலுக்கு மட்டும்தான்.

இனி நான் சொல்லப்போவது லேயாள் இல்லாத ஒரு காட்சி. ஆனால் அவள் கதையில் எனக்கு முக்கியமான இடம் இதுதான். அண்ணன்களால் விற்கப்பட்டு எகிப்துக்குப் போன யோசேப்பு அங்கே அதிபதியாக உட்கார்ந்திருக்கிறான், அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. பென்யமீனை அடிமையாக நிறுத்திவைக்கப் போகிறேன் என்கிறான். யூதா முன்னால் வந்து பேசுகிறான். லேயாளின் நான்காவது மகன். இருபது வெள்ளிக்காசுக்கு யோசேப்பை விற்றுவிடலாம் என்று அன்று யோசனை சொன்னவனும் இவனே. தன் கிழட்டுத் தகப்பன் சொன்னதை அப்படியே ஒப்பிக்கிறான்: "என் மனைவி எனக்கு இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள்."

என் மனைவி. இரண்டு பிள்ளைகள். யாக்கோபு இதைச் சொன்னது லேயாளின் பிள்ளைகள் காதுபட. அப்படியானால் எங்கள் அம்மா யார், நாங்கள் ஆறு பேர் யார் என்று யூதா கேட்டிருக்கலாம். இதே வீட்டில், இதே ஓரவஞ்சனைக்குத்தான் யோசேப்பின் பல வர்ண அங்கியைக் கழற்றிக் குழியில் தள்ளினார்கள். இப்போது அந்த வாக்கியத்தை ஓர் அந்நியன் முன்னால் தன் வாயாலேயே சொல்கிறான். அப்பாவுக்கு அந்த ஒரு மனைவிதான், அந்த இரண்டு பிள்ளைகள்தான், அதில் ஒன்று போய்விட்டது, மற்றதும் போனால் கிழவர் செத்துவிடுவார். பிள்ளையாண்டானை விட்டுவிடும், நான் அடிமையாக இருக்கிறேன் என்கிறான். கணக்கில் சேர்க்கப்படாதவளின் மகன், கணக்கில் சேர்ந்தவளின் மகனுக்குப் பிணையாக நிற்கிறான். யோசேப்பு அதற்குமேல் அடக்க முடியாமல் அழுதுவிடுகிறான்.

மூன்று பிள்ளைக்கு அப்புறம் புருஷன் பேச்சையே எடுக்காமல் இவனுக்குப் பெயர் வைத்தாளே ஒருத்தி, அவள் இதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்க அவள் இல்லை.

ஆதியாகமத்துக்கு வெளியே எபிரேய வேதத்தில் லேயாள் பெயர் ஒரே இடத்தில் வருகிறது. தாவீதின் கொள்ளுப்பாட்டி ரூத்தின் கல்யாணத்தில் பெத்லகேம் ஊரார் வாழ்த்துகிறார்கள்: இஸ்ரவேல் வீட்டைக் கட்டின ராகேலைப்போலவும் லேயாளைப்போலவும் இவள் வாழ்வாளாக. அந்த ஊரார் யூதா வம்சம், லேயாளின் பேரப்பிள்ளைகள். அவர்களே ராகேலை முதலில் சொல்கிறார்கள். இன்றும் வெள்ளிக்கிழமை இரவு யூத வீடுகளில் பெண்பிள்ளைகளின் தலையில் கைவைத்து, சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் போல் உன்னைக் கடவுள் ஆக்குவாராக என்று ஆசீர்வதிக்கிறார்கள். அக்காள்தான் கடைசி.

எபிரோனில் மக்பேலா குகை இருக்கிறது. சாராளைப் புதைக்க ஆபிரகாம் நானூறு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கிய இடம். ஏரோது காலத்துப் பெருங்கற்சுவர் இன்றும் நிற்கிறது. உள்ளே யூதர்களும் இஸ்லாமியர்களும் பிரித்துக்கொண்டு வணங்குகிறார்கள். யாக்கோபின் நினைவுச் சமாதியும் லேயாளின் நினைவுச் சமாதியும் அங்கே ஒரே பகுதியில் இருக்கின்றன. ராகேல் பெத்லகேம் சாலையில் தனியாக.

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது பெரியத்தைக்குக் கண் ஆபரேஷன் முடிந்திருந்தது. வாசிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் நான் வாசித்தேன், அவர் கேட்டார். ஆதியாகமம் 49. எகிப்தில் யாக்கோபு சாகக் கிடக்கிறான். என்னை மக்பேலாவில் அடக்கம்பண்ணுங்கள் என்று மகன்களுக்குக் கட்டளையிடுகிறான். அங்கே ஆபிரகாமையும் அவர் மனைவியாகிய சாராளையும் அடக்கம்பண்ணினார்கள், அங்கே ஈசாக்கையும் அவர் மனைவியாகிய ரெபெக்காளையும் அடக்கம்பண்ணினார்கள், "அங்கே லேயாளையும் அடக்கம்பண்ணினேன்."

"நிறுத்து" என்றார் பெரியத்தை.

நிறுத்தினேன்.

"மனைவின்னு சொல்லலை, என்ன?"

"சொல்லலை அத்தை. சாராளுக்குச் சொல்லியிருக்கான், ரெபெக்காளுக்குச் சொல்லியிருக்கான்."

கண்ணில் மருந்து விட்டிருந்ததால் கூரையைப் பார்த்தபடியே படுத்திருந்தார். "இதுக்கு முன்னாடி அவன் வாயால லேயாள்னு பேரைச் சொல்லியிருக்கானா? கதை சொல்றவர் சொன்னது வேண்டாம். அவன் பேசினதுல மட்டும் பாரு."

சென்னைக்குத் திரும்பி ஒரு வாரம் ராத்திரிதோறும் பார்த்தேன். 29ஆம் அதிகாரம் முதல் 49 வரை, யாக்கோபு பேசும் வரிகள் மட்டும். ராகேலுக்காக வேலை செய்கிறேன் என்கிறான், ஒன்று. ராகேலுக்காக அல்லவா வேலை செய்தேன் என்று லாபானிடம் சண்டை போடுகிறான், இரண்டு. எகிப்தில் யோசேப்பிடம், ராகேல் வழியில் என்னருகே இறந்தாள் என்கிறான், மூன்று. லேயாள் என்ற பெயர் அவன் வாயில் வருவது சாகும்போது, அந்தக் குகையைச் சொல்லும்போது மட்டும்தான். அதைச் சொல்லி முடித்து, நிலத்தை யாரிடம் வாங்கியது என்று இன்னொரு வரி சொல்லிவிட்டு, கால்களைக் கட்டிலில் மடக்கிக்கொண்டு இறந்துபோகிறான்.

போன் பண்ணிச் சொன்னேன்.

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான் அத்தை."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது.

"சரி. ஓரத்துல பென்சில்ல ஒரு கோடு போட்டு வை" என்றார்.